பிரஷர்னா ஒண்ணுதானே?

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு, நான் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன்.

தரையில் ஒரு போல்ட் கிடந்தது. குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தேன். அவ்வளவுதான். கண்ணுக்குள் யாரோ திரை போட்டார்கள். காதில் மட்டும் மெஷின் சத்தம்... அதுவும் பக்கத்துக் கம்பெனியில் ஓடுவதுபோல எங்கோ தூரத்தில். கைக்கு எட்டியது தூண்தான். பிடித்துக்கொண்டேன்.

நல்லவேளை, எங்கள் கம்பெனியில் தூணுக்குத் தூண் ஒரு போர்டு மாட்டியிருப்பார்கள். வெளிச்சம் திரும்பி வந்தபோது என் மூக்குக்கு நேரே ‘பாதுகாப்பு விதிகள்’ இருந்தது. படிப்பதுபோல அப்படியே நின்றேன்.

பின்னாலிருந்து மஞ்சுளாவின் குரல். அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவள். கன்னடமும் தமிழும் அவளுக்கு ஒரே வாக்கியத்தில் வரும்.

“ஏனு மேடம், அதுல அவ்ளோ எழுதிருக்கு? ரொம்ப நேரமா பாக்கறீங்க.”

“ரூல்ஸ் படிக்கறேன்.”

“அஞ்சே லைன் மேடம்.”

“மனசுல பதியணும்ல?”

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்தே வரிதான்.

‘தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்கிறீர்களா? எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அன்று நான் இருந்த நிலைமை வேறு.

சூளகிரியைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி. வண்டி பாகங்கள் செய்கிறோம். டிப்ளமோ முடித்துவிட்டு நான்கு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அந்த வாரம்தான் என்னை ஒரு லைனுக்கு சூப்பர்வைசராகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதம் ‘ட்ரயல்’. பதினெட்டுப் பெண்கள் வேலை செய்கிற லைன். ஆனால் அதற்கு ஒரு பெண் சூப்பர்வைசராக இருந்ததில்லை.

எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. நிற்க முடியாதவர்களுக்கு எங்கள் கம்பெனியில் வேறொரு இடம் உண்டு. பேக்கிங் பக்கத்தில் ஒரு நீள மேஜை, ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதற்கு ‘உட்கார்ற வேலை’ என்று பெயர். முதுகுவலி, கால்வலி, ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள் என்று ஐந்தாறு பேர் அங்கே இருக்கிறார்கள். நல்லவர்கள். ஆனால் அந்த மேஜைக்குப் போன யாரும் லைனுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தலை சுற்றுகிறது என்று சொன்னால் எனக்கும் அங்கே ஒரு ஸ்டூல் போட்டுவிடுவார்கள். அதனால்தான் தூண்.

தலைசுற்றல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒற்றைத் தலைவலிக்குப் போட்ட மாத்திரையிலிருந்து.

இரண்டு வருடமாக அந்தத் தலைவலி. மாதத்தில் நான்கைந்து நாள் ஒரு கண்ணையே பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருக்கும். ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். நிறையக் கேள்வி கேட்டார். ‘ஆஸ்துமா இருக்கா, வீசிங் வருமா’ என்றுகூடக் கேட்டார். தலைவலிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாத்திரை எழுதினார்.

“இது ஒரு வகையில பிரஷர் மாத்திரைதான். தலைவலி வராம தடுக்கவும் குடுப்போம். ஆனா உங்களுக்கு பிரஷர் கொஞ்சம் இறங்கும். படுக்கையில இருந்து, குனிஞ்ச இடத்துல இருந்து மெதுவா எழுந்திருக்கணும். தண்ணி நிறைய குடிக்கணும். நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. ரொம்ப தலை சுத்தினா உடனே வந்து பாருங்க. புரிஞ்சுதா?”

புரிந்தது என்று தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். இதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுகிறேன் என்று ஒரு வாசகர் கடிதமே போட்டிருந்தார். சொல்லத்தான் செய்வேன். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு முதல் மாத்திரை அட்டை வரை எல்லாவற்றையும் வாசிக்கிற ஆள் நான்தான். ஊரில் யாருக்கு சீட்டு வந்தாலும் ‘அந்தப் பொண்ணுகிட்ட காட்டு’ என்பார்கள். அந்தப் பெண்தான் தனக்கு டாக்டர் சொன்ன நான்கு விஷயத்தில் மூன்றைக் காற்றில் விட்டாள்.

மெதுவாக எழ வேண்டும். காலை ஐந்தேகாலுக்கு அலாரம் அடித்தால் பதறி எழுகிறவள் எப்படி மெதுவாக எழுவாள்?

தண்ணீர் குடிக்க வேண்டும். இதைக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். பாத்ரூம் போனால் அந்த இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வேண்டும். பதினெட்டுப் பேருக்கும் மாற்றாக நிற்க ஒரே ஒரு ரிலீவர். அதனால் எங்கள் லைனில் யார் பாட்டிலைத் திறந்து பார்த்தாலும் மத்தியானம் வரைக்கும் கழுத்தளவு தண்ணீர் அப்படியே இருக்கும். சூப்பர்வைசர் ஆனபிறகு நான் இன்னும் மோசம். லைனை விட்டு நகர்ந்தால் ‘பொம்பளைன்னா இப்படித்தான்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். குடிப்பதையே விட்டேன்.

தலை சுற்றினால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். போனால் லீவு எடுக்க வேண்டும். ட்ரயல் மாதத்தில் லீவா?

மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. நியாயமாகச் சொன்னால் தலைவலி நன்றாகவே குறைந்திருந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. என் நாக்கு செத்துப்போனது.

ஒரு நாள் வீட்டில் களியும் கீரைக் கடைசலும். வாயில் வைத்தால் மண்ணைத் தின்பது போல இருக்கிறது. மறுநாள் அவரைக்கொட்டைக் குழம்பு, வெந்நீரில் அவரைக்கொட்டை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ‘யம்மா, உப்பு போட்டியா’ என்று கேட்பீர்கள். நான் படித்தவள் ஆயிற்றே. போனை எடுத்து அந்த மாத்திரையின் பெயரைப் போட்டுத் தேடினேன். பக்கவிளைவுகள் என்று ஒரு நீளப் பட்டியல். கீழே, எங்கோ ஒரு மூலையில், ‘சுவை மாறலாம்’ என்பதுபோல ஒன்று இருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன். மாத்திரையால் வந்த வினை. யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டேன். கம்பெனியில் குடித்த டீ மட்டும் எப்படி இனிப்பாக இருந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால்... யோசிக்கவில்லை.

முன்பெல்லாம் மத்தியானம் மஞ்சுளா, இன்னும் மூன்று பேரோடு வட்டமாக உட்கார்ந்து டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிடுவேன். சூப்பர்வைசர் ஆனதும் அவர்கள் ‘அக்கா’வை ‘மேடம்’ ஆக்கினார்கள். நானும் ஒதுங்கி, ஆபீஸ் ரூம் ஓரத்தில் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தேன். கௌரவம். ஆகவே என் டப்பாவில் இருந்ததை ருசி பார்க்க வேறு நாக்கும் இல்லை.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. அப்பா சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் லேட்டாக வருவது பிடிக்கவில்லையோ, சூப்பர்வைசர் வேலையே பிடிக்கவில்லையோ என்று எனக்குள் ஒரு உறுத்தல். அம்மா வேறு காலையில் நான் பல் தேய்த்ததும் நான்கு பல் பூண்டைச் சுட்டுக் கையில் கொடுத்தார்.

“எதுக்கும்மா?”

“திங்கறதுக்குதான். கேள்வி கேக்காம தின்னு பாப்பா.”

தின்றேன். தலைசுற்றல் நாளுக்கு நாள் கூடியது. ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். வீட்டில் கேட்டதற்கு, பஸ்ஸில் போனால் ஏதாவது படிக்கலாம் என்றேன். லைனில் மூன்று தூண். மூன்று போர்டையும் மனப்பாடமாகச் சொல்வேன்.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை மீட்டிங். ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். நேற்று எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட் என்று நான் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆறாவது நிமிடம் இருக்கும். ‘ரிஜெக்ட்’ என்று சொன்னது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது கம்பெனி முதலுதவி அறையின் ஃபேன்.

காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் சிஸ்டர். ஊத்தங்கரைக்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷி. இந்தப் பக்கம் மஞ்சுளா, என் சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு.

“எண்பத்தாறுக்கு ஐம்பத்தாறு” என்றார் சிஸ்டர். “லோ பிபி. என்ன மாத்திரை ஓடுதுங்க மேடம்?”

சொன்னேன்.

“அப்ப தலை சுத்தியிருக்குமே... இதுதான் மொத தடவையா?”

மஞ்சுளா என்னைப் பார்த்தாள். “தினா... தெனமும் போர்டு படிக்கறாங்க சிஸ்டர்” என்றாள்.

எல்லாம் தெரிந்திருக்கிறது இவளுக்கு.

“சிஸ்டர், இத ரெஜிஸ்டர்ல எழுதாம விட முடியுமா? காலைல சாப்பிடல, அதான்னு வெச்சுக்கலாமே.”

“எழுதாம எப்பிடிங்க விடறது? நாளைக்கு நீங்க மெஷின் மேல விழுந்தா யாருங்க பதில் சொல்றது?” சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர், நேரம், ‘மயக்கம், லோ பிபி’. தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வாசித்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்த ஒரே நாள் அதுதான்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்தார்கள். “ஏதாவது சாப்பிடுங்க, எழுந்திரிக்காதீங்க” என்றார் சிஸ்டர். மஞ்சுளா என் டப்பாவைத் திறந்து சோற்றையும் குழம்பையும் பிசைந்தாள். ஊட்டுவதற்கு முன் ஒரு வாய் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“மேடம், ஏனு இது... ஃபுல் சப்பே. உப்பே இல்ல.”

படுத்திருந்தவள் பாதி எழுந்துவிட்டேன். “உனக்கும் அப்பிடித்தான் இருக்குதா?”

“எனக்கும்னா? போட்டாதானே மேடம் இருக்கும்.”

சிஸ்டரும் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். “ஒரு கல்லு இல்லீங்க. லோ பிரஷர வெச்சுக்கிட்டு உப்பில்லாம சாப்பிட்டா மயக்கம் வராம என்ன வரும்? யாருங்க இப்பிடி சமைச்சது?”

யார் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா ரோஜாத் தோட்டத்தில் பசுமைக்குடில் வேலைக்குப் போகிறவர். அப்போதுதான் வந்து அடுப்பைப் பற்ற வைத்திருந்தார். அப்பா சுவரோரம்.

“யம்மா, கொழம்புல உப்பு போட்டியா?”

கரண்டி நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

“போடல.”

“எத்தினி நாளா?”

“நீ மாத்திர வாங்கியாரச் சொன்ன நாள்ல இருந்து.”

முதல் அட்டை தீர்ந்ததும், எனக்கு ஷிஃப்ட் இருந்ததால், சூளகிரி போகிற அம்மாவிடம் சீட்டையும் காலி அட்டையையும் கொடுத்து விட்டிருந்தேன். ஆமாம், மூன்று வாரம்.

“எதுக்கும்மா உப்ப நிறுத்தின?”

“என்னிய கேளு. பிரஷர் வந்துக்கினு வூட்ல ஒரு வார்த்த சொல்லல. என்னிய வந்து கேக்கற.”

“எனக்கு பிரஷர்னு யாரு சொன்னா?”

“மருந்துக்கட ஆளுதான். ‘இது பிரஷர் மாத்திர, யாருக்கும்மா’ன்னாரு. எம் பொண்ணுக்குன்னன். ‘வயசு என்னா’ன்னாரு. இருவத்தாறுன்னதும் உச்சு கொட்டினாரு. அத்தினி பேரு முன்னால. படிக்காதவதான் நானு. காது கேக்கும்.”

“அது தலவலிக்கு குடுத்ததும்மா. எனக்கு இருக்கறது லோ பிரஷர். கம்மி.”

“கம்மியா இருந்தா நல்லதுதானே? எங்க தோட்டத்து மேஸ்திரியம்மாவுக்கு கம்மியாவணும்னுதானே வருசக்கணக்கா உப்பில்லாம திங்குது. அதுதான் பூண்டும் சொல்லிச்சு.”

“அந்தம்மாவுக்கு ஏறிக்கிச்சு. எனக்கு எறங்கிக்கிச்சு. எறங்கினவளுக்கு உப்ப எடுத்தா இன்னும் எறங்கும்மா. இன்னிக்கு மயக்கம் போட்டு விழுந்துட்டேன்.”

கரண்டியைக் கீழே வைத்தார். என் தலை, தோள், முழங்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அடி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கோபம் வந்தது.

“அப்பறம் எதுக்கு ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சானுங்க? பிரஷர்னா ஒண்ணுதானே? அதுல மேல கீழன்னு வேற இருக்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

அப்பா மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தார். பிரித்தார். உப்பு.

“இந்தா, மொதல்ல போட்டுக்கினு சாப்புடு.”

அம்மா பொட்டலத்தைப் பார்த்தார். “ஏய்யா, எத்தினி நாளா இது?”

“அதுக்கு எத்தினி நாளா உப்பில்லியோ, எனக்கு அத்தினி நாளா இது.”

முதுகைக் காட்டி உட்கார்ந்ததன் ரகசியம் அதுதான். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனுஷன் மறைத்து மறைத்து உப்பு தூவிக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதற்காக எத்தனை நாள் மனதுக்குள் வாதாடியிருப்பேன்... ‘வேலைக்குப் போற பொண்ணுன்னா லேட்டாதான்பா ஆகும்’ என்று.

அம்மா கேட்டது சரியான கேள்வி, கவனித்தீர்களா? ‘அவருக்கு பிரஷர் இருக்கு’ என்று நாம் சொன்னால் அதிகம் என்றுதான் அர்த்தம். ‘சுகர் இருக்கு’ என்றாலும் அப்படித்தான். நம் பேச்சில் இந்த வியாதிகள் ஏறத்தான் செய்யும், இறங்காது. இறங்கினால் அதற்கென்று நம்மிடம் ஒரு வார்த்தை இல்லை. ‘லோ’ என்று ஓர் எழுத்தை முன்னால் ஒட்டிவிட்டு, கேட்பவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் வார்த்தையின் மேல் மட்டும் பழி போட முடியாது. அம்மா ஏன் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை? ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு – உப்போடு – கேட்டேன்.

“கேட்டா நீ, ‘உனக்குப் புரியாதும்மா’ம்ப. நீ எப்பவும் அதான சொல்லுவ. சரி, அதுக்கே தெரியும், படிச்ச பொண்ணு, சொல்ல இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டன். நீயும் உப்பில்லாத சோத்த வாய தொறக்காம தின்ன. தெரிஞ்சுதான் திங்கறன்னு நெனச்சன்.”

நான் அப்படிச் சொல்வதுண்டு. அடிக்கடி. ‘உனக்குப் புரியாதும்மா.’ அவசரத்தில், சலிப்பில், போனைப் பார்த்துக்கொண்டே. சொல்லிச் சொல்லி ஒரு மனுஷியை மகளிடம் கேள்வி கேட்கவே தயங்க வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன நான்கு வரியை அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தால் அவர் எனக்கு மோர் கரைத்துக் கொடுத்து, ‘மெதுவா எழுந்திரு’ என்று காலை ஐந்தேகாலுக்குத் தலைமாட்டில் நின்றிருப்பார். புரியாமல் போக அதில் என்ன இருந்தது?

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஓசூர் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான்.

டாக்டரம்மா படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நின்றதும் எவ்வளவு இறங்குகிறது என்று அம்மாவிடமே காட்டினார்.

“நான் அன்னைக்கே சொன்னேனே, கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம்.”

“அப்புறம்?”

“தலையாட்டினேன்.”

சிரிக்கவில்லை அவர். மாத்திரையின் அளவைக் குறைத்தார். பாட்டிலில் கோடு போட்டு இத்தனை மணிக்கு இவ்வளவு தண்ணீர் என்றார். எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டி, பிறகு நிற்க வேண்டும். குனிவதற்குப் பதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்க வேண்டும். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும்.

“உப்பு?” என்று அம்மா கேட்டார்.

“நீங்க வழக்கமா போடற மாதிரி போடுங்கம்மா.”

“ஒரு கல்லு கூடவே போடறன்.”

“வேணாம். வழக்கமா.”

ஒரு விஷயம். இதெல்லாம் என் டாக்டர் எனக்குச் சொன்னது. உங்கள் மாத்திரை வேறு, உங்கள் உடம்பு வேறு. பிரஷர் ஏறி நிற்கிற யாராவது இந்தப் பக்கத்தை வீட்டில் காட்டி ஊறுகாய் கேட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எல்லாம் சரி. ரெஜிஸ்டரில் எழுதியது எழுதியதுதானே? திங்கட்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மதுரைப் பக்கத்துக்காரர். மேஜையில் அந்த ரெஜிஸ்டர். நான் நின்றேன். சூப்பர்வைசர் என்கிற வார்த்தை, அந்த மேஜை ஓரத்தில் விழுவதா வேண்டாமா என்று தள்ளாடிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, வியாழக்கெழம விழுந்துட்டியாம்ல?”

“ஆமா சார்.”

“அன்னைக்கி மட்டுந்தானா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். “இல்ல சார். மூணு வாரமா தலை சுத்துது. மாத்திரையால. இப்ப டோஸ் கொறைச்சிருக்காங்க.” டாக்டர் கடிதத்தை வைத்தேன்.

“மூணு வாரமா தெரிஞ்சே மெஷின் பக்கத்துல நின்னுருக்க. கைய உள்ள விட்டுருந்தா? நீ விழுந்து இன்னொரு புள்ளைக்கி அடிபட்டிருந்தா?”

“தப்புதான் சார்.” 

“தண்ணிகூடக் குடிக்கிறதில்லன்னு சிஸ்டர் சொல்லுது. அது என்னம்மா கணக்கு?”

கணக்கைச் சொன்னேன். பதினெட்டுப் பேர், ஒரு ரிலீவர், மத்தியானம் வரை கழுத்தளவு தண்ணீரோடு நிற்கிற பாட்டில்கள் – எல்லாவற்றையும் சொன்னேன். நான் மட்டுமில்லை, லைன் முழுக்க அப்படித்தான் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“இத்தன வருசத்துல ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையேம்மா.”

“சொன்னா உட்கார வெச்சிருவீங்கன்னு பயம் சார்.”

அவர் ரெஜிஸ்டரை மூடினார். பிறகு எதிரே காட்டி, “உக்காரு” என்றார்.

நான் கதவைத் தாண்டி, பேக்கிங் இருக்கிற பக்கம் பார்த்தேன். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். “பேக்கிங்ல இல்லம்மா. இந்தச் சேர்ல.”

உட்கார்ந்தேன். ட்ரயல் முடியவில்லை, இன்னும் ஒரு மாதம் நீட்டுகிறேன் என்றார். வாரத்துக்கு ஒரு முறை சிஸ்டரிடம் பிரஷர் பார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து லைனுக்கு இரண்டு ரிலீவர். யார் யாரை எப்போது மாற்றுவது என்று அட்டவணை போட்டுக்கொண்டு வர வேண்டியது நான். மறுபடி மறைத்தால் அவரே ஸ்டூல் தூக்கிக்கொண்டு வந்து போடுவாராம்.

“சரி, லைன் ஓடுது. கெளம்பு.”

“ஒரு நிமிஷம் சார்.”

“இன்னும் என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல சார். நிக்கறதுல எனக்குப் பிரச்னை இல்ல... எழுந்திரிக்கத்தான் கொஞ்சம் நேரமாகும்.”